மேசை நடுவில் ஒரு ஸ்பேனர்

எங்கள் நெட்டிவோட்டிலிருந்து பேர்ஷேவாவுக்குப் பேருந்து ஓட்டும் பின்ஹாஸ் ஸ்ரூசிக்கு நாள் முழுக்க ஒரே பல்லவி: "இடிக்காம நில்லுங்க." மகள் பிறந்தபின் வீட்டில் அந்தச் சட்டம் அவனுக்கே வந்தது. யூத முறைப்படி, பிரசவ உதிரம் நின்று, ஏழு சுத்த நாள் எண்ணி, மனைவி ஸொஹாரா சடங்குக் குளத்தில் முழுகி எழும்வரை விரல்கூடப் படக்கூடாது. குழந்தையைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது. அவள் தொட்டிலில் கிடத்துவாள், அவன் எடுப்பான். சேர்ந்து சாப்பிட்டால் இருவர் தட்டுக்கும் நடுவே, மேசைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொருள் இருக்க வேண்டும், ஞாபகத்துக்கு.

முதலில் பூச்சாடி வைத்தார்கள். ஒரு வாரத்தில் அது மேசையோடு பழகிவிட்டது. அடுத்து எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. பின்ஹாஸ் அதைத் தின்று தீர்த்தான். கடைசியில் கருவிப்பெட்டியிலிருந்து பெரிய ஸ்பேனர் வந்தது.

ஆறாவது வாரம், எண்ணிக்கையின் ஐந்தாம் நாளில் ஒரு கறை. துணியை உறையில் போட்டு, கறை பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மதகுருவான ரப்பியிடம் கொண்டுபோனான் பின்ஹாஸ். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ரப்பி, "மறுபடி முதல்லேருந்து" என்றார். அன்று அவன் பேருந்து இரண்டு நிறுத்தங்களில் நிற்கவே இல்லை.

இரண்டாவது எண்ணிக்கை முடிந்த மாலை, வாசலில் பெட்டியோடு அவன் அம்மா மஸ்ஸூதா.

"பேத்தியப் பாக்கணும்போல இருந்துச்சு. மூணு நாள் இருப்பேன்."

அன்று இருட்டியதும் ஸொஹாரா குளத்துக்குப் போக வேண்டும். முழுகும் நாள் கணவன் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. ஸொஹாரா அவனை அடுக்களைக்குக் கூப்பிட்டாள்.

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா காலைல அவங்க முகத்துல எப்படி முழிக்கறது? நான் போகல."

"இன்னும் மூணு நாளா? பஸ்ஸக் கொண்டுபோய் கடல்ல விட்டுருவேன்."

அவள் யோசித்தாள். பிறகு கூடத்துக்கு வந்து, "அத்தை, பக்கத்து வீட்டு ஸிம்ஹா கூப்பிட்டா. ஏதோ தைக்கணுமாம்" என்றாள்.

"இருட்டினப்புறமா?"

"அவளுக்குப் பகல்ல நேரமே இல்ல அத்தை."

அம்மாவுக்குச் சந்தேகம் வராமலிருக்க, மறுநாள் காலை ஸ்பேனரை மேசையிலிருந்து எடுக்க வேண்டாம் என்பது பின்ஹாஸின் ஏற்பாடு. துடைத்துப் பளபளவென்று நடுவில் வைத்திருந்தான். மூவரும் உட்கார்ந்தார்கள். குழந்தை சிணுங்கியது. ஸொஹாரா நீட்டினாள், பின்ஹாஸ் அப்படியே இரண்டு கையாலும் வாங்கித் தோளில் போட்டுத் தட்டினான். செய்தது இருவருக்கும் உறைக்கவில்லை.

மஸ்ஸூதா ஒரு மடக்கு காபி குடித்தாள்.

"தையல் நல்லபடியா முடிஞ்சுதா மருமகளே?"

"முடிஞ்சுது அத்தை."

"சரி. டேய், இந்த இரும்ப உள்ள கொண்டுபோய் வை. ரொட்டிக்கு இடம் வேணும். உங்கப்பா செருப்பைக் கொண்டாந்து வைப்பாரு, எனக்குச் சோறே இறங்காது."

ஸொஹாரா தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் துணிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"மத்தியானம் எத்தன மணிக்குடா உன் பஸ்? நானும் வர்றேன்."

"மூணு நாள்னீங்களேம்மா?"

"பேத்தியப் பாத்தாச்சு" என்று பெட்டியைத் தேடினாள் மஸ்ஸூதா.