‘பழசு’ என்றொரு ஃபோல்டர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காட்டுப்பாக்கம் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நான், என் மனைவி சரோஜா, மகள் திவ்யா, மாப்பிள்ளை கார்த்தி, சரோஜாவின் பழைய மெல்லிசைக் குழுவில் டோலக் வாசித்த மணி. அப்புறம், டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி.

அந்தப் பெட்டிக்குள்தான் எங்கள் வீட்டுப் பாட்டு மொத்தமும். இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டில் எந்த போனிலிருந்தும் வைஃபை வழியாகக் கேட்கலாம். நெட்வொர்க் டிரைவ் என்று பெயராம். யோசனை மாப்பிள்ளையுடையது. தவணை என்னுடையது.

எதற்கு வாங்கினோம்? சரோஜாவின் குரலுக்காக. ஆவடி, அம்பத்தூர், திருமழிசை என்று திருவிழா மேடைகளில் வருஷக்கணக்காகப் பாடியவள். கழுத்தில் ஆபரேஷன் ஆன பிறகு பேச்சு வருகிறது, பாட்டு வரவில்லை. பாடியதெல்லாம் கேசட்டில் இருந்தது. பூந்தமல்லியில் ஒரு கடையில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றி, அம்மாவும் மகளும் உட்கார்ந்து பெட்டியில் ஏற்றினார்கள். பூஞ்சை பிடித்த கேசட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போயின.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். புரியாத பொருள் வீட்டுக்குள் வந்தால் எனக்கு நிம்மதி போய்விடும். இடி இடித்தால் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவேன். பல்லி புகுந்துவிடுமோ என்று துணி போட்டு மூடுவேன் — சூடாகுமோ என்று உடனே எடுப்பேன்.

“ஏனுங் மாமா இப்படிப் பயப்படறீங்க? ரெண்டு டிஸ்க் இருக்குதுங்க. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணுல அப்படியே இருக்கும்” என்பார் கோயம்புத்தூர் மாப்பிள்ளை.

ஞாயிறன்று மணி பென் டிரைவோடு வந்தார். பழைய குழுவினர் திருமழிசையில் ஒன்றுகூடுகிறார்களாம். சரோஜா பாடியதை அங்கே போட வேண்டுமாம்.

“அண்ணி, நீ சும்மா சேர்ல குந்திகினு இரு. உன் பாட்டு அதுபாட்டுக்கு ஓடும். நான் டோலக்க தட்டிகினு கீறேன். எவன் கண்டுபுடிப்பான்?”

சரோஜா சிரித்தாள். அதற்கென்று ஒரு பட்டுப்புடவையை வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

போனில் தேடினேன். படத்துக்கு ஒரு ஃபோல்டர், ஒவ்வொன்றுக்கும் போஸ்டர்... முந்தின வாரம்தான் மாப்பிள்ளை எல்லாவற்றையும் புதிதாக அடுக்கிக் கொடுத்திருந்தார். ஒன்றை மட்டும் காணோம்.

“மாப்பிள்ளை, ‘பழசு’ன்னு ஒண்ணு இருந்துச்சே?”

“அதுங்களா? புதுசா அடுக்குனதுக்கப்புறம் பழைய காப்பி எதுக்குன்னு டெலிட் பண்ணிட்டேனுங்க மாமா.”

சரோஜா வைத்த பெயர் அது. தன் பாட்டுகளை அவள் அப்படித்தான் சொல்வாள் — ‘என் பழசு’. மாப்பிள்ளையின் ஆபீஸில் ஒன்றுக்குப் பழசு என்று பெயரிருந்தால், புதுசு வந்தாயிற்று, தூக்கிப் போடலாம் என்று அர்த்தமாம். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், இனி வராது என்பது.

“இன்னொரு டிஸ்க்ல இருக்குமே?” என்றேன்.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. “ஒண்ணுல அழிச்சா அதுலயும் அழிஞ்சுருமுங்க மாமா...”

மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் புதுப் பாட்டுகள் ஏறிவிட்டனவாம்.

“என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்று திவ்யா சீறினாள். அவள் சீறலாம், பெண்டாட்டி. நான்? மாப்பிள்ளையைத் திட்ட எந்த மாமனாருக்கு வாய் இருக்கிறது? என் தம்பி செய்திருந்தால் அறைந்திருப்பேன். இவருக்கு ஆறுதல் சொன்னேன். “விடுங்க மாப்பிள்ளை, தெரியாமத்தானே...”

சரோஜா கரகரத்த குரலில், “இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறீங்க மாப்ளே? வடை ஆறுது, சாப்டுங்க” என்றாள்.

மணிதான் வாயை மூடவில்லை. “அண்ணாத்தே, கேசட்டு பூஞ்ச புடிச்சாலும் கரகரன்னாவது பாடிகினு இருந்துச்சு.” பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சரோஜா அந்தப் புடவையை மடித்து பீரோவில் வைத்தாள்.

இடிக்குப் பயந்தேன். பல்லிக்குப் பயந்தேன். பிரியமாக வந்து சுத்தம் செய்து தருகிறவர்களுக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே... நீங்களாவது பயந்துகொள்ளுங்கள்.

நேற்று மறுபடி இடி இடித்தது. நான் பிளக்கைப் பிடுங்கவில்லை.

பெட்டிக்கு இன்னும் கட்ட வேண்டிய பாக்கி: ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்.