சட்டியில் எட்டு நூல்

வெரோனா அக்காவின் வீட்டில் எட்டுப் பேர் தங்கியிருந்தோம். கட்டில் நாலுதான். இரும்பாலையில் இரவு வேலை முடித்து வருபவன் படுக்க, பகல் வேலைக்காரன் எழுந்து போவான். கடல் தாண்டிப் பிழைக்க வந்த எங்கள் ஸ்லோவாக்கியத் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதை. இம்ரிக்கும் நானும் இரண்டு வருடம் ஒரே கட்டிலில் தூங்கினோம். அவன் முகத்தைவிட, அவன் விட்டுப்போன சூடுதான் எனக்குப் பழக்கம்.

கறி அவரவருடையது, சட்டி ஒன்று. சண்டை வராமலிருக்க அக்கா ஒவ்வொருவன் கறித்துண்டிலும் ஒரு நிற நூலைக் கட்டி வேகவைப்பாள். இம்ரிக்குக்கு நீலம். எனக்கு வெள்ளை, வெந்தபின் அது முட்டைக்கோஸோடு முட்டைக்கோஸாகிவிடும்.

"அக்கா, என் துண்டு இளைச்சுப் போச்சே!" என்பேன்.

"துண்டு இளைக்கலடா, உன் கண்ணுதான் பெருத்துப் போச்சு. பேசாம தின்னு."

துவைக்கும்போது சட்டைகள் மாறாதிருக்க, அதே நூலால் கக்கத்தில் ஒரு தையலும் போடுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு வேறு வழி?

1907 மார்ச்சில் ஒரு காலை உலை வெடித்தது. அப்போது நான் இம்ரிக் எழுந்துபோன இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். மூன்று உடல்கள் கிடைத்தன. பயத்தில் நாலைந்து பேர் ஊரைவிட்டே ஓடியிருந்ததால், செத்தவர் யார், ஓடியவர் யார் என்று ஆபீசுக்குத் தெரியவில்லை. அடையாளம் தெரியாவிட்டால் சாயங்காலம் மூவருக்கும் ஒரே குழி.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். முகமென்று ஒன்றும் இல்லை. தெரியவில்லை என்றேன். அந்த வெட்கம் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை.

இம்ரிக்கைத் தேடி அக்கா கையில் மாவோடு வந்தாள். குமாஸ்தா மறித்தார்.

"பொம்பளைங்க பாக்குற காட்சி இல்லம்மா. அவன் ஓடிப்போயிருப்பான்."

"ஓடுறவன் அடுப்புல கறியைப் போடச் சொல்லிட்டா ஓடுவான்? நகருய்யா. ஊர்ல அவன் பொண்டாட்டி காகிதத்துக்குக் காத்துக்கிடப்பா. செத்தான்னாவது அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

ஒவ்வொரு கையாகத் தூக்கிப் பார்த்தாள். மூன்றாமவனின் கக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துணி கருகாமல் இருந்தது. அதில் நீலத் தையல்.

"இது நான் போட்டது. இம்ரிக் ஹுடாக். எழுதிக்கோ."

குமாஸ்தா எழுதி முடிக்கும்வரை அவள் நகரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "சரியாத்தான் எழுதினானா? படிச்சுச் சொல்லு" என்றாள். படித்தேன். அப்போதுதான் அழுதாள்.

இம்ரிக்கைத் தனியாக, பெயரோடு புதைத்தோம். அவன் மனைவிக்குப் பாதிரியார் கடிதம் எழுதினார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தால், அக்காவின் வாசலில் தெரு ஆண்கள் முழுக்க நிற்கிறார்கள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு சட்டை.

"அக்கா, எனக்கும் ஒரு நிறம் போடு."

"கடையில எட்டு நிறம்தான்டா விக்கிறான். நீங்க இத்தனை பேரு வந்து நின்னா நான் எங்கடா போவேன்?"

உள்ளே போனவள், தன் கல்யாணச் சட்டையோடு வந்தாள். கை முழுக்க அவளே போட்ட பூவேலை, ஊரிலிருந்து கொண்டுவந்தது. வரிசையில் முதல் ஆள் நான்.

"என் வெள்ளை கருகிடும்க்கா, வேற நிறம் போடு."

முதல்முறையாக அவள் என்னைக் கேலி செய்யவில்லை. படியில் உட்கார்ந்து, ஒரு மஞ்சள் பூவைக் கத்தரியால் நூல் நூலாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.