கீழத்தெருவுக்கு அறுநூறு மீட்டர்

மருதையனுக்குக் கையெழுத்துப் போடுவதைத் தாண்டி எழுதத் தெரியாது. ஆனால் மீட்டரும் சென்டிமீட்டரும் அவனுக்கு மனப்பாடம். நன்னிலத்தில் நெடுஞ்சாலைத் துறையின் பிரிவு அலுவலகத்தில் அவன் அளவுக்கட்டை பிடிக்கிற ஆள். ஓவர்சியர் இராஜாங்கம் முக்காலி மேல் கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். எதிரே நாலு மீட்டர் கட்டையை நிமிர்த்திப் பிடித்தபடி மருதையன் வெயிலில் அசையாமல் நிற்பான். அந்தக் காலத்துக் கருவிக்குள் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும்.

"ஒன்னய நான் நேரா பாத்ததைவிட தலைகீழா பாத்ததுதான்யா அதிகம்" என்று இராஜாங்கம் கிண்டல் செய்வார்.

அதற்கு முன்பு அவன் தன் ஊரான நெய்விளங்குடியில் பண்ணையாள். அறுபதுகளின் கடைசியில் கூலி நெல்லை உயர்த்தக் கேட்டு டெல்டா முழுக்க நடந்த போராட்டத்தில் அவனும் கொடி பிடித்தான். அறுவடைக்கு இறங்காமல் கரையில் உட்கார்ந்தான். வெளியூர் ஆட்கள் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். அதன்பின் இரண்டு போகம் அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. சாலையோரம் கப்பிக் கல் உடைக்கப் போனான். அங்கே அவன் நிதானத்தைப் பார்த்த இராஜாங்கம் கையில் அளவுக்கட்டையைக் கொடுத்தார்.

எழுபத்து நாலில் ஓர் உத்தரவு வந்தது. ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வசித்தும் சாலை இல்லாத ஊர்களுக்கு முதலில் இணைப்புச் சாலை போட வேண்டும். இராஜாங்கம் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தவர், "மருதையா, ஒங்க ஊரும் இருக்கு. ஆயிரத்து அறுநூத்துப் பன்னெண்டு பேரு" என்றார்.

"எங்க ஊருல அத்தனை பேரு ஏது சார்?"

"ஊருல தொள்ளாயிரத்துச் சொச்சம்தான். ஒங்க கீழத்தெருவயும் சேத்துத்தான் இந்தக் கணக்கு."

கீழத்தெரு, ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே தள்ளியிருந்த விவசாயக் கூலிகளின் தெரு. மருதையன் பிறந்ததும் இருப்பதும் அங்கேதான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி காளியம்மாளிடம் அதைத்தான் முதலில் சொன்னான். மறுநாள் காலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அளவு எடுக்க மூன்று நாள் ஆயிற்று. பஸ் போகும் சாலையிலிருந்து தொடங்கி, மூன்றாம் நாள் மதியம் ஊர்ப் பிள்ளையார் கோயிலை எட்டினார்கள். கடைசி முளையை அடித்ததும் இராஜாங்கம் நோட்டை மூடினார்.

"அவ்வளவுதான். கட்டையை மடக்கு."

மருதையன் மடக்கவில்லை. "கீழத்தெரு இன்னும் அறுநூறு மீட்டர் இருக்கு சார்."

"நெலம் குடுக்குறதா ஊர்க்காரங்க எழுதிக் குடுத்தது இதுவரைக்கும்தான். இதுக்கு மேல யாரும் குடுக்கலய்யா."

"எண்ணுறப்ப சேந்திருந்தோம், போடுறப்ப சேரலீங்களா?"

இராஜாங்கம் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மருதையன் குரலை உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. அதே நிதானத்தில் சொன்னான்.

"நீங்க போட வேணாம் சார். அளந்து மட்டும் வச்சிடுங்க. மார்ச்சு மாசம் மேல இருந்து கேப்பாங்கல்ல, எதாவது தயாரா இருக்கான்னு. அப்ப குடுக்க நம்மகிட்ட ஒண்ணு இருக்கட்டும்."

ஐந்து வருஷமாக அலுவலகத்தில் நின்றும் நடந்தும் அவன் கண்டுகொண்டது அது. பட்டியலில் மேலே இருக்கிற ஊரே நிலத் தகராறில் நின்றுபோகும். வருஷ முடிவில் செலவாகாத பணம் திரும்பிப் போகக்கூடாதென்று அதிகாரிகள் அவசரப்படுவார்கள். அந்த நேரத்தில் அளவும் வரைபடமும் சம்மதக் கடிதமும் எந்தச் சாலைக்குத் தயாராக இருக்கிறதோ அதுதான் முந்திக்கொள்ளும்.

அடுத்த வாரம் இராஜாங்கம் வந்து அந்த அறுநூறு மீட்டரையும் அளந்தார். பெரும்பாலும் புறம்போக்குப் பாதை. ஒரே ஒரு வயல் மட்டும் குறுக்கே வந்தது. அது நன்னிலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த முகம்மது யூசுப் ராவுத்தருடையது. மருதையன் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். ராவுத்தர் அதிகம் யோசிக்கவில்லை.

"ஜனங்க போறதுக்குத்தானே கேக்குற. தாளைக் குடு, போட்டுத் தாறேன். காத்தானுக்கு மட்டும் நீயே சொல்லிக்க."

காத்தான் அந்த வயலைக் குத்தகைக்குப் பயிர் செய்பவன். கீழத்தெருக்காரன்தான், மருதையனைவிட ஏழெட்டு வயது மூத்தவன். மூன்று மா நிலம், மொத்தமே ஒரு ஏக்கர்தான். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்தபோது, தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து தன் பெயரைப் பதிவு செய்துகொண்டவன். சாலை வந்தால் அந்த மூன்று மாவில் அரை மாவுக்கு மேல் போய்விடும்.

காத்தான் மடையை அடைத்துக்கொண்டே மருதையன் சொன்னதைக் கேட்டான். கேட்டு முடித்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"தாலுகா ஆபீஸ் வாசல்ல எத்தனை நாள் நின்னேன்னு ஒனக்குத் தெரியும். நீதான் கூட நின்னே. ரோடு வேணாம்னு சொல்லல மருதையா. என் பயிரு மேல போட வேணாங்குறேன்."

"ராவுத்தரு கையெழுத்துப் போட்டுட்டாரு அண்ணே."

"அப்பறம் எங்கிட்ட என்ன கேக்க வந்தே?"

மருதையன் வரப்போடு திரும்பி நடந்தான்.

காளியம்மாள் பொறுமை இழந்தாள். "ராவுத்தரு கையெழுத்து போதும்ல? பேசாம குடுத்துடு. போன ஐப்பசியில ரெங்கம்மாவ பிரசவத்துக்குக் கட்டில்ல வச்சு முழங்கால் சேத்துல தூக்கிட்டுப் போனோமே, பிள்ள தங்கிச்சா? ஒரு ஆளுக்காக தெருவே கெடக்கணுமா?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கட்டிலின் ஒரு காலைத் தோளில் தாங்கிப் போனவன் அவன்தான்.

மறுநாள் காலை ராவுத்தரின் கடிதத்தை இராஜாங்கத்தின் மேஜைமேல் வைத்தான். அவர் படிவத்தில் உரிமையாளர் பெயரை எழுதினார்.

"பயிர் பண்றவரு பேரு எங்க எழுதுவீங்க சார்?"

"அதுக்கு எடமில்ல. சொந்தக்காரர் சம்மதம் இருந்தா போதும்."

"காத்தான்னு ஒருத்தரு குத்தகைக்குப் பண்றாரு. பதிவு இருக்கு. அவருக்குச் சம்மதம் இல்ல சார்."

இராஜாங்கம் பேனாவை மூடினார். "இத நீ சொல்லாம இருந்திருந்தா இந்த மார்ச்சுலயே போயிருக்கும். இனிமே வாய்க்கால் கரையோட சுத்தித்தான் கொண்டுபோகணும். ஒரு பாலம் கட்டணும். பாசன இலாகாவுல அனுமதி வாங்கணும். செலவு கூடுனா பட்டியல்ல எறங்கிப் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"பின்ன ஏன்யா சொன்னே?"

"எங்கள அந்த ஆயிரத்து அறுநூத்துல சேத்தப்பவும் யாரும் எங்களக் கேக்கல சார்."

இராஜாங்கம் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டார். வாய்க்கால் கரையோரமாகப் புதிதாக அளவெடுத்தார்கள். கட்டையை மருதையனே பிடித்தான்.

ஊர்ச் சாலை பிள்ளையார் கோயில் வரைக்கும் அடுத்த வருஷமே வந்துவிட்டது. கீழத்தெருச் சாலை வரவில்லை. முதல் மார்ச்சில் வேறு ஊர் முந்திக்கொண்டது. நடுவில் ஆட்சி கலைந்தது, தேர்தல் நடந்தது, புது ஆட்சி வந்தது. எழுபத்தேழு ஐப்பசிப் புயலுக்குப் பிறகு இருந்த பணமெல்லாம் உடைந்த பாலங்களுக்கே போயிற்று. அலுவலகத்தில் அவன் சொன்னது தெரிந்ததும் தெருவில் சிலர் மருதையனிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டார்கள். ரெங்கம்மாளின் புருஷன் வீரையன் ஒருநாள் நேராகவே கேட்டான், "யாருக்கு நல்லவனா இருக்கப் பாத்தே?" தான் செய்தது சரிதானா என்று மருதையனுக்கே பல மழைக்காலங்களில் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மார்ச்சிலும் கட்டையை ஓரமாகச் சாத்திவிட்டு, "கீழத்தெரு பைல் மேலயே இருக்குல்ல சார்?" என்று மட்டும் கேட்டுவிடுவான்.

எழுபத்தொன்பதில் பட்டியலின் தலையில் இருந்த ஒரு சாலை வழக்கில் மாட்டிக்கொண்டது. தயாராக இருந்தது கீழத்தெரு.

சித்திரையில் வேலை ஆரம்பித்தது. பாலத்தை ஒட்டிய திருப்பத்தில் முளை அடித்துவிட்டு மருதையன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது காத்தான் அந்த முளையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரி சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

காத்தான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் வயலுக்குள் மூன்று எட்டு வைத்து, அங்கே முளையை ஊன்றிக் கல்லால் அடித்தான்.

"இந்த மூலையில லாரி திரும்பாது" என்றான் மருதையனிடம். "ரெண்டு குழி நெலம் போனா போவுது. எழுதிக்கச் சொல்லு."

"சம்மதக் கடிதம் வேணும் அண்ணே."

"ராவுத்தருகிட்ட நானே வாங்கியாறேன். எம் பேரையும் அதுல எழுதச் சொல்லு."

படிவத்தில் அதற்கு இடம் அப்போதும் இல்லை. இராஜாங்கத்துக்குப் பதிலாகப் புதிதாக வந்திருந்த ஓவர்சியர் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

ஆடிக்குள் தார் போட்டு முடித்தார்கள். மருதையன் அதன்பின் பதினாறு வருஷம் அதே வேலையில் இருந்தான். ஓய்வு பெற்றபோது அவன் கட்டை பிடித்த சாலைகள் நன்னிலம் சுற்று வட்டாரத்தில் நாற்பதுக்கு மேல். கடைசி நாள் அலுவலகத்தில் மாலை போட்டார்கள். அவன் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பினான். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காத்தான், "என்ன, முடிஞ்சிச்சா?" என்றான். "முடிஞ்சிச்சு அண்ணே" என்று இறங்கி, மருதையனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.