சரணத்தில் மாமாவின் பெயர்

என்ரை மாமா பெரிய வயலின் வித்துவான் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். அந்தப் புகழால் நான் பட்ட வில்லங்கம் எனக்கல்லவா தெரியும்! வடமராட்சியிலோ தென்மராட்சியிலோ யார் கீர்த்தனை இயற்றினாலும் மாமாவுக்குச் சமர்ப்பணம் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். சரணத்தின் கடைசி அடியில் மறக்காமல் அவர் பெயரையும் வைத்துவிடுவார்கள். வயலின் பெயர் சொல்லுமா? சொல்லாது. ஆகவே, இயற்றியவர் கேட்டுக் குளிர, மாமா வாசிக்க வாசிக்க நான் பக்கத்தில் இருந்து பாடவேண்டும். இதென்ன கரைச்சல்!

எனக்குப் பத்து வயது. அன்று பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. மூன்று மணிக்கு அஞ்சலோட்டம், கோலை வாங்கிக் கடைசியாய் ஓடுவது நான். ஒன்றரைக்குச் சாவகச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற சங்கீத வாத்தியார் ஒருவர் வெற்றிலைத் தட்டத்தோடும் பாட்டு எழுதிய கொப்பியோடும் வந்து சேர்ந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"மாமா, நான் போகோணும்."

"ஒரு பாட்டுத்தானே பிள்ளை. பாவம், பஸ்ஸிலை வந்த மனிசன்."

வாத்தியார் பல்லவியை ஆறுதலாகச் சொல்லித்தந்தார். அநுபல்லவியை அதைவிட ஆறுதலாக. மணி இரண்டரை. சரணத்தை அவர் தொடங்கமுதலே கொப்பியைப் பறித்து நானே பார்த்துப் பாடினேன். கடைசி அடியைப் பார்க்கவேயில்லை. அங்கே வருவது மாமாவின் பெயர்தானே! அதைப் போட்டு முடித்தேன்.

வில் நின்றது. மாமா ஏச வாயெடுக்க, வாத்தியார் கையமர்த்தினார்.

"விடுங்கோ. நல்லாய்ப் பாடினாய் பிள்ளை. ஓடு, நேரமாகுது."

ஓடினேன். என் இடத்தில் வேறொருத்தி ஓடி முடித்திருந்தாள். பார்க்க வருகிறேன் என்ற மாமாவும் வரவில்லை. வாத்தியாரோடு பொழுதுபடும்வரை பஸ் தரிப்பில் நின்றாராம். மூன்று நாள் நான் மாமாவோடு கதைக்கவில்லை.

போன வருடம் மாமாவுக்கு வந்த சமர்ப்பணங்களைப் புத்தகமாக்கத் தட்டச்சு வேலையும் என் தலையில்தான் விழுந்தது. வேறு ஆர் இருக்கினம்! அன்று நான் பறித்துப் பாடிய கொப்பியும் அதற்குள் இருந்தது. சரணத்தின் கடைசி அடியில் மாமாவின் பெயர் இல்லை. வாத்தியாரின் மகனின் பெயர் இருந்தது. மாமாவிடம் வயலின் படித்து, யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல்போன பிள்ளை.

குருவின் வயலினோடு மகனின் பெயரை ஒருதரம் கேட்க வந்த மனிசன், இன்னொருதரம் பாடு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பாடியிருப்பேன் என்று இப்போது சொல்கிறேன். அன்றோ, உலகத்திலேயே பெரிய இழப்பு எனக்குத்தான் என்று வீதி முழுக்க அழுதுகொண்டு வந்தேன்.