அடித்தது வெள்ளமா, அப்பாவா?

உங்கள் வீட்டில் ‘வெள்ளம்’ என்றால் என்ன? ஆறு கரை புரள்வது என்பீர்கள். எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் அது குடிக்கிற தண்ணீர். அதையே பக்கத்து வீட்டுச் சேட்டன்மார் கண்ணடித்துச் சொன்னால் சரக்கு. இந்த வித்தியாசம் தெரியாத வயதில், "வெள்ளம் குடிச்சாதான் உங்கப்பனுக்குக் கை நீளுது" என்று அம்மா சொன்னதை அப்படியே நம்பி, பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் தொடாமல் இருந்தேன். குடித்தால் பக்கத்து பெஞ்சுக்காரியை அடித்துவிடுவேனோ என்று பயம். டீச்சர், "வெள்ளம் குடிக்கு மோளே" என்றதும் அழுதேவிட்டேன்.

அப்பா மிளகு குடோனில் மூட்டை தூக்குபவர். குடிக்காத நாளில் பூனையைக்கூட விரட்டமாட்டார். சனிக்கிழமை சாயங்காலம் அவரும் ஆட்டோ ஓட்டும் சஜி சேட்டனும் எங்கள் வீட்டில் ஒரே குப்பியைப் பங்கு போடுவார்கள். சேட்டனுக்கு ஏறினால் பாட்டு, கிண்டல், அப்புறம் குறட்டை. ஒருநாள் அவர் அம்மா வைத்த மீன்குழம்பை ருசித்துவிட்டு, "சேச்சி, இந்தச் சட்டியில விழ மீனெல்லாம் வரிசை நிக்கும் கேட்டோ!" என்றார். அம்மா சிரித்துவிட்டாள்.

"யாரப் பாத்துடி இளிக்கிற?"

தட்டு சுவரில் மோதியது. அம்மாவின் முடி அப்பாவின் கையில். சேட்டன் விலக்கப் போய்க் கீழே விழுந்தார். அந்த நேரம் பார்த்து குடோன் முதலாளி வாசலில் வந்து நின்றார். அப்பா முடியை விட்டார், மடித்துக் கட்டிய கைலியை மரியாதையாக இறக்கிவிட்டார், "வாங்க முதலாளி, சாயா எடுக்கட்டுமா?" என்றார். முதலாளி போனதும் கைலியை மறுபடி மடித்துக் கட்டி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். அன்றிலிருந்து அம்மா, எழுந்து ஓட வசதியாக, கதவுப் பக்கமாகப் படுக்க ஆரம்பித்தாள்.

கல்லூரியில் சைக்காலஜி எடுத்ததே இதற்காகத்தான். போதையில் மூளையின் பிரேக் தளர்கிறது, கண்ணுக்கு நேரே இருப்பது மட்டும்தான் தெரிகிறது, சும்மா சிரித்தால்கூடக் கேலியாகப் படுகிறது என்று படித்தேன். சரி, தட்டு பறந்ததற்கு அது போதும். முதலாளியைப் பார்த்ததும் அந்த பிரேக் எப்படிப் பிடித்தது? அதே குப்பி சேட்டனை ஏன் பாட வைத்தது? ஆளுக்கு ஆள் மாறுமாம். அதுதான் எனக்கே தெரியுமே!

அம்மாவைக் கேட்டால், "அது வெள்ளத்தோட வேல புள்ள, உங்கப்பா பாவம்" என்கிறாள். வெள்ளம்தான் அடித்தது என்றால் அவளால் அவரோடு வாழ முடியும். அவரேதான் அடித்தார் என்றால்? எனக்குப் புரியவில்லை. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியும் புரியவில்லை.

சஜி சேட்டன் வீடு மாறி வைப்பின் தீவுக்குப் போய்விட்டார். அப்பா குடியை அடியோடு விட்டுவிட்டார். அம்மா இன்னும் கதவுப் பக்கமாகத்தான் படுக்கிறாள்.