தொட்டியில் பிறந்த மாலகோயில் கன்று

மாசாணம் வேலைக்கு நடுவில் காணாமல் போய்விடுவான். ஆள் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பான். கையில் தேங்காய் இருக்கும், கண் மட்டும் எங்கோ இருக்கும். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பரைக் களத்தில் நானும் அவனும் தேங்காய் உடைக்கிறோம். "ஏம் பங்காளி, கடலுக்குப் போயிட்டயா?" என்று கேட்டால், கொஞ்சமும் வெட்கமில்லாமல், "ஆமா பங்காளி, இப்பத்தான் திரும்புனேன்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் பங்கையும் நான்தானே உடைக்க வேண்டும்? ஆனால் அவன் கதை தெரிந்தபிறகு திட்ட வாய் வருவதில்லை. முணுமுணுப்பதோடு சரி.

மாசாணம் சில வருஷம் வெளிநாட்டில் இருந்தான். கடலோரத்தில் ஒரு பூங்கா. பெரிய தொட்டிகளில் ஓர்கா திமிங்கலங்களை வைத்துக் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுவார்கள். இவனுக்கு மீன் அறையில் வேலை. உறைந்த மீனை இளக்கி, செவுளுக்குள் சத்து மாத்திரையைச் செருகி, வாளியில் நிரப்பித் தொட்டியோரம் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவனுக்கு மேலாள் ஜாவித், அவரும் எங்கள் பக்கம்தான், உக்கடத்துக்காரர். அதனால் பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை.

தொட்டியில் ஒரு தாய்த் திமிங்கலம் இருந்தது. முதுகில் நிமிர்ந்து நிற்க வேண்டிய துடுப்பு ஒரு பக்கமாகத் துவண்டு கிடக்கும். சிமெண்டு விளிம்பைக் கடித்துக் கடித்துப் பற்கள் மழுங்கிவிட்டன. ஆட்டமில்லாத நேரத்தில் ஒரே பக்கமாகச் சுற்றும். மாசாணம் அதைச் சொல்லும்போது அவன் விரலும் காற்றில் மெதுவாக வட்டம் போடும். நீல வெளிச்சம், நீல மௌனம், நடுவில் அந்தக் கறுப்பு முதுகு. கேட்கிற எனக்கே கண் செருகும்.

அது குட்டி போட்டது ஒரு மாட்டுப் பொங்கலன்று. இவன் மனைவி ராசம்மாள் அப்போதுதான் போனில் கூப்பிட்டு, மாடுகளுக்குப் பொங்கல் வைப்பதைக் காட்டிக்கொண்டிருந்தாள். இவன் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினான். தாய் முட்டி மேலே தள்ள, குட்டி முதல் மூச்சு விட்டது. இங்கே மாடுகளின் கழுத்துமணிச் சத்தம், அங்கே அந்த மூச்சு.

"ஏனுங்க, இன்னிக்குப் பொறந்த கன்னு மாலகோயிலுக்குத்தானுங்களே?" என்றாள் ராசம்மாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாட்டுப் பொங்கலன்று பிறக்கும் கன்று மாலகோயில் சாமியான ஆல்கொண்டமாலுக்குச் சொந்தம். ஏரில் பூட்டக் கூடாது, வண்டியில் கட்டக் கூடாது. யார் காட்டில் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது. சலகெருது என்று பேர்.

மாசாணம் மீன் அறைக்கு ஓடி ஜாவித்திடம் சொன்னான். "பாய், இந்தக் கன்னு வேலைக்கு ஆகாதுங்க. சாமிக்கு உட்டதுங்க."

"அட, அது மாடில்லப்பா, திமிங்கலம்!"

"பால் குடிக்குதுங்களா இல்லீங்களா?"

ஜாவித் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, உங்கூர்லயும் சலகெருத உருமி அடிச்சு ஆட உடறீங்கல்ல?"

"ஆடும்ங்க பாய். ஆடி முடிச்சா காட்டுக்குப் போயிரும்ங்க."

ஜாவித் அதன்பிறகு சிரிக்கவில்லை. ஆனாலும் அவர் கையில் என்ன இருக்கிறது?

குட்டி வளர்ந்து மீன் தின்னத் தொடங்கியது. ஆட்டம் பழக்குகிறவர்களின் விசிலும் வந்தது. தாவினால் ஒரு மீன், வாலை அடித்தால் ஒரு மீன். மாசாணத்துக்குச் சோறு இறங்கவில்லை. சாமி கன்றுக்குக் கூலித் தீனியா? முதல் காட்சியன்று, யாரும் வருவதற்குள், பக்கவாட்டுக் கதவோரம் ஒரு வாளி மீனைச் சும்மாவே ஊட்டிவிட்டான். விசில் ஊதினார்கள். குட்டி வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மறுபடி ஊதினார்கள். அது நிதானமாக இவன் நிற்கும் பக்கம் வந்து வாயைத் திறந்தது. கூட்டம் அதுவும் வேடிக்கையென்று கைதட்டியது. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அந்த வாரமே மாசாணத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்காக அவன் வருந்தவில்லை. மதியச் சோறு தின்றுவிட்டுத் தென்னை நிழலில் சாய்ந்தால் தினமும் ஒரே கனவு. வாய்க்காலில் தண்ணீர் கரை புரண்டு வருகிறது. அதில் அந்தக் கன்று துடுப்பை நிமிர்த்திக்கொண்டு வருகிறது. தோப்பெல்லாம் மேய்கிறது. விரட்ட ஆளில்லை. எழுப்பினால் என்மேல்தான் எரிந்து விழுவான்.

போன பொங்கலுக்கு முன்னால் ஜாவித் கூப்பிட்டார். பூங்காவில் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்களாம். மாசாணம் களத்தில் குதித்தே விட்டான். "அப்பக் கடலுக்கு உடறாங்களா பாய்?"

"கடலுக்கு எங்கப்பா? அதே தொட்டிதான். அம்மாவ வேற ஊருக்கு ஏத்திட்டாங்க. குட்டி நீ வாளி கொண்டாந்த கதவோரமே வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது."

மாசாணம் தேங்காய்க் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டான். "பசியாத்துனேன்னு நெனச்சேன் பங்காளி. காத்துக் கெடக்கப் பழக்கிப்போட்டேன்" என்றான். அன்றைக்கு அவன் பங்கை முணுமுணுக்காமல் உடைத்தேன்.

பொங்கலுக்கு மாலகோயிலில் மண்ணால் செய்த மாட்டு உருவாரங்களைக் கொண்டுபோய் வைப்பது வழக்கம். மாசாணமும் ஒன்று செய்திருந்தான். கறுப்பும் வெள்ளையும் பூசி, முதுகுத் துடுப்பை மட்டும் நேராக நிமிர்த்தி வைத்திருந்தான். மாடுகளுக்கு நடுவில் அதை வைத்தான்.

பக்கத்தில் சாமிக்குப் பால் கொண்டுவந்திருந்த ஒரு அம்மா குனிந்து பார்த்தார். "ஏனுங் கண்ணு, இது எருமைங்களா? கால் ஒடஞ்சிருச்சாட்ட இருக்குது?"

ராசம்மாள்தான் சொன்னாள்.

"கன்னுங்க. எங்க சலகெருது. இன்னும் ஊடு வந்து சேரலீங்க."