அதுக்கு முன்னாடி?

பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கும்போது, பிளஸ் டூ முடித்த மகள் சொன்னாள்: "மூணு வருஷம் ஹிஸ்டரி படிச்சிட்டு அப்புறம்தான் லா சேருவேன்."

"நேரா அஞ்சு வருஷ லாவுல சேராம எதுக்கு ஒரு வருஷத்தை வேஸ்ட் பண்ற?" என்றார் என் கணவர்.

ஈர வலையின் வாடை அப்போதுதான் வந்தது. வக்கீல் சித்தியின் அடையாறு வீட்டு முன்னறைக்கே அது என்னை இழுத்துப் போனது. அங்கே ஆணியில் தொங்கும் கறுப்பு அங்கியில் எப்போதும் அந்துருண்டை மணக்கும். சின்ன வயதில் அதன் அடியில்தான் நான் விளையாடுவேன். அன்று மீனவர் குப்பத்திலிருந்து ஒருவர் தோளில் வலையோடே வந்துவிட்டார்.

"கரையில எவனோ செவுரு வச்சிட்டான் மேடம்."

"அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்தது?" என்று கேட்டாள் சித்தி.

"வலை காயப்போட்டுக்கினு இருந்தோம்."

"அதுக்கு முன்னாடி?"

"எங்க தாத்தா கட்டுமரத்த அங்கதான் ஏத்திப் போடுவாரு."

"அதுக்கும் முன்னாடி?"

அவர் தோளிலிருந்த வலையைக் கீழே இறக்கி வைத்தார். "அப்போ கடலுதான் மேடம். அது பின்னால போச்சு, நாங்க முன்னால வந்தோம்."

நான் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தேன். சுவருக்கு அடியில் வலை, வலைக்கு அடியில் கட்டுமரம், எல்லாவற்றுக்கும் அடியில் கடல். சித்தியும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வக்கீலுக்கு எதுக்கு பழைய கதை?" கணவர் இன்னும் விடவில்லை.

"பாத்து நடங்க, வலை காயுது," என்றேன். "சித்தி கேஸ் நடத்துறதுக்கு முன்னாடி, நீங்க நிக்கிற இடத்துல ஒரு சுவர் இருந்தது."